வீட்டுத் தோட்டத்துக்குக் கைவேலை அலங்காரம்: கொட்டாங்குச்சி, பழைய துண்டு, உடைந்த டைல்ஸ் போதும்

என் மாடித் தோட்டத்தை முதன்முதலாக அலங்கரித்தபோது, பன்னிரண்டு கொட்டாங்குச்சிகளுக்கு வண்ணம் அடித்துக் கைப்பிடிச் சுவர் ஓரமாக வரிசையாகத் தொங்கவிட்டேன். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. ஐப்பசி மழை பெய்து பத்து நாள் ஆகியிருக்கும். வீடு வீடாக வந்து பார்க்கும் கொசு ஒழிப்புப் பணியாளர் ஒருவர் மாடிக்கு வந்து, ஒரு கொட்டாங்குச்சியைச் சாய்த்துக் காட்டினார். உள்ளே கால் டம்ளர் தண்ணீர். அதில் கொசுப் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. பன்னிரண்டில் ஒன்பது அப்படித்தான் இருந்தன. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை, இப்படிக் கொஞ்சமாகத் தேங்கும் தெளிந்த தண்ணீரில்தான் முட்டையிடும் என்று அவர் சொன்னார். பக்கத்து வீட்டில் அப்போது கைக்குழந்தை இருந்தது. எனக்கு நெஞ்சு திக்கென்றது.

அன்று முதல், தோட்டத்துக்கு எதைச் செய்யத் தொடங்கினாலும் நான் முதலில் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: இதன்மேல் மழை பெய்தால் தண்ணீர் எங்கே போகும்? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாத பொருளை, எவ்வளவு அழகாக இருந்தாலும், நான் செய்வதில்லை. கீழே சொல்லியிருக்கும் எல்லாவற்றையும் இந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் தேர்ந்தெடுத்தேன். எல்லாமே வீட்டில் கிடைக்கும் பொருட்களும், ஹார்டுவேர் கடையில் ஒருமுறை போய் வாங்கக்கூடிய சாமான்களும்தான்.

எப்போது செய்வது

பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்கள் இதற்கு நல்ல காலம். வெயில் கடுமையாக இருக்கும். தோட்டத்தில் செடிகள் குறைவாக இருக்கும். வண்ணமும் கொட்டாங்குச்சியும் சீக்கிரம் காயும். ஆடிப்பட்டம் தேடி விதைப்பதற்கு முன்னால் தொட்டிகளும் தொங்கும் சட்டிகளும் தயாராகிவிடும். ஒரேயடியாக எல்லாவற்றையும் தொடங்க வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் சலிப்பு வராது.

வாங்க வேண்டியவை: உப்புத்தாள் 80, 120, 220 என்று மூன்று எண்களில் ஒவ்வொன்று, ரப்பர் கையுறை, முகக்கவசம், ஐந்து கிலோ சிமெண்ட், ஒரு சின்ன கரணை, இரண்டு அங்குல பிரஷ், வெளிச்சுவருக்கு அடிக்கும் எமல்ஷன் பெயிண்ட் வெள்ளையில் ஒரு சின்ன டப்பா. சிமெண்டை முழு மூட்டையாக வாங்க வேண்டியதில்லை. சில கடைகளில் கிலோ கணக்கில் தருவார்கள், அல்லது பக்கத்தில் வீடு கட்டும் இடத்தில் மேஸ்திரியிடம் கேட்டால் கிடைக்கும். கையில் எடுத்து நசுக்கிப் பாருங்கள். உடையாத கட்டிகள் இருந்தால் அந்தச் சிமெண்டில் ஈரம் இறங்கிவிட்டது, வேண்டாம்.

முதல் வேலை: கொட்டாங்குச்சித் தொங்கல்

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் எப்போதும் கொட்டாங்குச்சியைத்தான் கொடுப்பேன். காசு இல்லை, கெட்டுப்போனால் வருத்தம் இல்லை, நாளைக்குச் சட்னி அரைக்கும்போது இன்னொன்று கிடைக்கும்.

தேங்காயை உடைத்ததும் இரண்டு மூடிகளில் ஒன்றில் மூன்று கண்கள் இருக்கும். அந்த மூடியைத் தனியாக எடுத்து வையுங்கள். மூன்று கண்களில் ஒன்று மட்டும் மெலிதாக இருக்கும். தேங்காய் முளைக்கும்போது குருத்து அந்தக் கண் வழியாகத்தான் வெளியே வரும். ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் அது சுலபமாகத் திறந்துகொள்ளும். தண்ணீர் வடிய இயற்கையே ஒரு துளை போட்டு வைத்திருக்கிறது! மற்ற இரண்டு கண்களும் கெட்டியானவை. முடிந்தால் டிரில் வைத்து அவற்றையும் திறந்துவிடுங்கள். கண் இல்லாத மூடியிலும் செய்யலாம், ஆனால் அதற்கு அடியில் நீங்களே இரண்டு துளை போட வேண்டியிருக்கும்.

உள்ளே ஒட்டியிருக்கும் பருப்பைச் சுத்தமாகச் சுரண்டி எடுங்கள். கொஞ்சம் விட்டாலும் எறும்பு வரும், பூஞ்சை பிடிக்கும். இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காயவையுங்கள். அப்புறம் வெளிப்புறத்தை ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, நார் இளகியதும் பழைய கத்தியின் முதுகுப் பக்கத்தால் சுரண்டுங்கள். ஈரம் போகக் காய்ந்த பிறகு உப்புத்தாள். முதலில் 80, பிறகு 120, கடைசியில் 220. இந்தத் தூள் மூக்கில் ஏறினால் நாள் முழுக்க தும்மல்தான், அதனால் முகக்கவசம் போட்டுக்கொண்டு மாடியிலோ திண்ணையிலோ உட்கார்ந்து தேயுங்கள். ஒரு மூடிக்கு இருபது நிமிடம் ஆகும். அவசரப்பட வேண்டாம். 220-ஐ முடித்துவிட்டு ஒரு துணியில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால், அதுவரை மங்கலாக இருந்த ஓடு கரும்பழுப்பில் மின்னும். முதல்முறை அதைப் பார்க்கும் யாரும் வண்ணம் அடிக்க வேண்டும் என்று நினைக்கமாட்டார்கள். நானும் இப்போது அடிப்பதில்லை. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடி எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும்.

தொங்கவிட விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் கீழே மூன்று துளைகள் வேண்டும். சம இடைவெளி விட ஒரு எளிய வழி: விளிம்பைச் சுற்றி நூலை வைத்து அளந்து வெட்டி, அதை மூன்றாக மடியுங்கள். நூலை மறுபடி விளிம்பைச் சுற்றி வைத்து, இரண்டு மடிப்பு வரும் இடங்களிலும் நுனிகள் சேரும் இடத்திலும் பேனாவால் குறியுங்கள். மூடிக்குள் ஒரு மரத்துண்டைத் தாங்கலாகக் கொடுத்து, டிரில்லால் மெதுவாகத் துளையிடுங்கள். டிரில் இல்லாவிட்டால் ஆணியை இடுக்கியில் பிடித்து அடுப்பில் பழுக்கக் காய்ச்சிக் குத்தலாம்; புகை வரும், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். சுத்தியலால் ஆணியை அடித்து மட்டும் துளையிடாதீர்கள். பத்தில் ஏழு மூடி விரிசல் விட்டுவிடும்.

கயிறு விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். தேங்காய் நார்க் கயிறு பார்வைக்கு ஓட்டோடு ஒத்துப்போகும், ஆனால் மழையும் வெயிலும் மாறி மாறிப் பட்டால் நாளடைவில் இற்றுவிடும். நைலான் கயிறு வெயிலில் நொறுங்கும். வீட்டில் பழைய மின்வயர் கிடந்தால் அதன் மேலுறையை உரித்து உள்ளே இருக்கும் செம்புக் கம்பியை முறுக்கிப் பயன்படுத்துங்கள். துரு பிடிக்காது, நிறமும் கொட்டாங்குச்சிக்குப் பொருந்தும். நார்க் கயிறுதான் பிடிக்கிறது என்றால் ஒவ்வொரு ஆனியிலும் மாற்றிவிடுங்கள்.

இந்தச் சின்ன மூடிக்குள் ஒரு கைப்பிடி மண்தான் பிடிக்கும். சித்திரை வெயிலில் மத்தியானத்துக்குள் அது உலர்ந்துவிடும். அதனால் இதில் ரோஜாவும் புதினாவும் வைத்து ஏமாற வேண்டாம். பத்து மணிப் பூ, கள்ளி வகையில் சின்னவை, நிழலான இடமென்றால் மணி பிளாண்ட் துண்டு, இவை தாங்கும். செம்மண், மக்கிய தொழு உரம், தென்னை நார்க் கழிவு மூன்றையும் சமமாகக் கலந்து நிரப்பி, விளிம்புக்கு ஒரு விரல் கீழே நிறுத்துங்கள்.

பழைய துண்டும் சிமெண்டும்

இதைச் செய்து வைத்தால் வீட்டுக்கு வருகிறவர்கள் எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்பார்கள். துணி மடிப்பு மடிப்பாகக் கவிழ்ந்து அப்படியே கல்லாகிப் போனது போன்ற ஒரு தொட்டி. தேவையானது ஒரு பழைய டர்க்கி டவல், இரண்டு கிலோ சிமெண்ட், கவிழ்த்து வைக்க ஒரு காலி பெயிண்ட் வாளி. மெல்லிய வேட்டித் துண்டு வேண்டாம், அது சிமெண்டைப் பிடித்துக்கொள்ளாது. டர்க்கி டவலின் நூல் வளையங்களுக்கு நடுவே உள்ள இடைவெளிதான் சிமெண்டை உறிஞ்சும்.

துணியைச் சுமார் 60 சென்டிமீட்டர் சதுரமாக வெட்டி, நடுவில் ஐம்பது காசு நாணயம் அளவுக்கு ஒரு ஓட்டை போடுங்கள். இதுதான் வடிதுளை. பிறகு போடலாம் என்று விட்டால் இறுகிய சிமெண்டைக் குடைவது பெரும்பாடு. துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து வையுங்கள். வாளியை ஒரு முக்காலி மேல் கவிழ்த்து, அதன்மேல் பிளாஸ்டிக் தாளைப் போர்த்துங்கள். தரையிலேயே கவிழ்த்தால் துணியின் நுனிகள் தரையில் படிந்து மடிப்பு அழகு போய்விடும், முக்காலி அதற்காகத்தான்.

கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இதை நான் வற்புறுத்திச் சொல்கிறேன். ஈரச் சிமெண்ட் காரத்தன்மை கொண்டது, கொஞ்ச நேரம் தோலில் இருந்தாலே புண்ணாக்கும். பட்டுவிட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். குழந்தைகளை இந்த வேலையில் சேர்க்க வேண்டாம்.

இரண்டு கிலோ சிமெண்டுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கலக்குங்கள். தோசை மாவுப் பதம் வர வேண்டும். கரண்டியால் எடுத்து ஊற்றினால் கோடாக இறங்க வேண்டும், தண்ணீராக ஓடவும் கூடாது, கட்டியாக விழவும் கூடாது. துணியை அதில் முக்கி, துணி துவைப்பது போல நன்றாகப் பிசைந்து, ஒவ்வொரு இழைக்குள்ளும் சிமெண்ட் போகும்படி செய்யுங்கள். தூக்கிப் பிடித்து அதிகப்படியை வடியவிட்டு, ஓட்டை வாளியின் அடிப்பாகத்து நடுவில் வரும்படி போர்த்துங்கள். ஓட்டையில் எண்ணெய் தடவிய ஒரு பாட்டில் மூடியைச் சொருகி வைத்தால் அது அடையாமல் இருக்கும். இப்போது மடிப்புகளைக் கையால் ஒழுங்குபடுத்துங்கள். நான்கு மூலைகளும் நான்கு பக்கம் நீண்டு விழும். எவ்வளவு ஆழமான மடிப்போ அவ்வளவு உறுதி.

நிழலில் 24 மணி நேரம் விடுங்கள். சீக்கிரம் காயட்டும் என்று வெயிலில் வைப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு சேர்ந்து இறுகுகிறது. தண்ணீர் சீக்கிரம் ஆவியாகிவிட்டால் அது வலுப்பெறாமல் மாவாக உதிரும். வீடு கட்டும் இடத்தில் தளம் போட்ட மறுநாள் முதல் தண்ணீர் விட்டுக்கொண்டே இருப்பார்கள், கவனித்திருப்பீர்கள். அதே காரணம்தான்.

மறுநாள் மிச்சச் சிமெண்டில் அதே பதத்தில் கொஞ்சம் கரைத்து, பிரஷ்ஷால் வெளிப்புறம் முழுக்கப் பூசுங்கள். அடுத்த நாள் இன்னொரு பூச்சு. மூன்றாம் நாள் வாளியிலிருந்து பக்குவமாகக் கழற்றி, உட்புறமும் ஒருமுறை பூசி, ஈரச் சாக்கைப் போர்த்துங்கள். ஏழு நாள் காலையும் மாலையும் சாக்கை நனைத்துக்கொண்டே இருங்கள்.

ஏழு நாள் முடிந்ததும் செடி வைத்துவிடலாம் என்று கை பரபரக்கும். இன்னும் கொஞ்சம் பொறுங்கள். புதுச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்புச் சத்து கசிந்து மண்ணைக் காரமாக்கும். இளம் வேர் அதில் வாடிவிடும். ஓட்டையைத் துணியால் அடைத்து, தொட்டி நிறையத் தண்ணீர் ஊற்றி, தினமும் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் மாற்றுங்கள். ஐந்தாறு நாளில் போதுமான அளவு வெளியேறிவிடும். பிறகு துணியை எடுக்க மறந்துவிடாதீர்கள்.

மாடியில் வைப்பதென்றால், மண்ணும் ஈரமும் சேர்ந்தால் இது நல்ல கனம் என்பதை நினைவில் வையுங்கள். தளத்தின் நடுவில் கூட்டமாக வைக்காமல், சுவர் ஓரமாக, அடியில் மூன்று செங்கல் துண்டு கொடுத்து வையுங்கள். அப்போதுதான் வடிந்த தண்ணீர் ஓடிப்போகும், தளமும் காயும். கைப்பிடிச் சுவரின் மேல் ஒருபோதும் வேண்டாம்.

மண் தொட்டிக்குக் காவியும் வெள்ளையும்

துளசி மாடத்துக்குக் காவிப் பட்டையும் வெள்ளைப் பட்டையும் அடிக்கும் வழக்கம் நமக்குப் பழையது. பச்சை இலைக்குப் பின்னால் அந்த இரண்டு நிறம்போல எதுவும் எடுப்பாக இருப்பதில்லை. கடையில் கிடைக்கும் பளபளப்பான நீலமும் ரோஸும் தொட்டியைத்தான் காட்டும், செடியை மறைக்கும்.

ஆனால் மண் தொட்டியில் வண்ணம் நிற்க ஒரு தந்திரம் இருக்கிறது. சுட்ட மண் சுவாசிக்கும். உள்ளே இருக்கும் ஈரம் சுவர் வழியாக வெளியே கசிந்துகொண்டே இருக்கும். தொட்டி முழுக்க எனாமல் பெயிண்ட் அடித்தால் அந்த ஈரம் வண்ணத்தைக் கொப்புளமாகத் தள்ளி உரித்துவிடும். அதனால் விளிம்பையும் அதற்குக் கீழே நான்கு விரல் அகலப் பட்டையையும் மட்டும் வரையுங்கள். மீதியை வெறும் மண்ணாக விடுங்கள். புதுத் தொட்டியில், மண் போடும் முன்பே, நன்றாகக் காய்ந்த நிலையில் செய்ய வேண்டும்.

காவிப் பொடியைத் தண்ணீரில் குழைத்து, அதில் கொஞ்சம் ஃபெவிக்கால் சேர்த்துப் பட்டை அடியுங்கள். காய்ந்ததும் வெள்ளை எமல்ஷனில் மெல்லிய பிரஷ்ஷால் கோலம். கை நடுங்குமே என்று பயப்பட வேண்டாம். முதலில் காது குடையும் பஞ்சுக் குச்சியால் புள்ளிகள் மட்டும் வையுங்கள், அப்புறம் புள்ளியைச் சுற்றி வளைவு போடுங்கள். வாசலில் கோலம் போடுகிறவர் வீட்டில் இருந்தால் அவரிடம் பிரஷ்ஷைக் கொடுத்துவிடுங்கள். சாதாரண ஃபெவிக்கால் தண்ணீரில் இளகும் என்பதால், மழை நேராக அடிக்கும் இடத்தில் வைக்கும் தொட்டிக்குக் காவிப் பொடிக்குப் பதில் காவி நிற எமல்ஷனையே அடிப்பது நல்லது.

கொல்லைப்புறம் உள்ளவர்களுக்கு: நடைகல்

டைல்ஸ் வேலை நடந்த வீடுகளில் உடைசல்களைச் சாக்கில் கட்டிக் குப்பையில் போடுவார்கள். கேட்டால் சந்தோஷமாகக் கொடுத்துவிடுவார்கள். மழுமழுப்பான சுவர் டைல்ஸ் வேண்டாம், மழையில் வழுக்கும். குளியலறைத் தரைக்குப் போடும் சொரசொரப்பான வகையைத் தேடி எடுங்கள். பெரிய துண்டுகளைச் சாக்குக்குள் வைத்து மேலே சுத்தியலால் தட்டினால் சில்லு தெறிக்காது. அப்படியும் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள்.

பழைய பிளாஸ்டிக் பேசினின் உட்புறம் எண்ணெய் தடவி, ஒரு பங்கு சிமெண்ட், மூன்று பங்கு மணல் கலந்த கெட்டிச் சாந்தை ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்குப் போடுங்கள். பாதி உயரம் போட்டதும் நடுவில் கோழிவலைத் துண்டு ஒன்று வைத்தால் பின்னால் கால் பட்டு உடையாது. மேலே டைல்ஸ் துண்டுகளை அடுக்கி, ஒரு பலகையை வைத்துச் சமமாக அழுத்துங்கள். எந்த முனையும் மேலே துருத்தக் கூடாது, வெறுங்காலோடு நடப்போம். ஒரு மணி நேரம் கழித்து ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, இரண்டு நாள் கழித்துக் கழற்றி, ஏழு நாள் நனைத்து வையுங்கள். நடுப்பகுதி குழிந்துவிட்டால் தண்ணீர் நிற்கும். பலகை வைத்து அழுத்தும்போதே அதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு இடைவெளியில் பதிப்பது என்று அளவுகோல் எடுக்க வேண்டாம். கிணற்றடிக்கோ துணி காயப்போடும் இடத்துக்கோ வழக்கம்போல நடந்து போங்கள். கால் விழும் இடத்தில் எல்லாம் சுண்ணாம்புப் பொடி தூவிக் குறியுங்கள். அங்கே பதியுங்கள்.

சின்னச் சின்ன வேலைகள்

செடிப் பெயர்ப் பலகைக்கு மார்க்கர் பேனாவால் எழுதாதீர்கள். நம் ஊர் வெயிலில் சில மாதங்களிலேயே மங்கிவிடும். வெள்ளை ஐஸ்கிரீம் டப்பாவை நீளநீளமாக வெட்டி, 220 உப்புத்தாளால் ஒரு தேய்ப்புத் தேய்த்து, சாதாரண பென்சிலால் எழுதுங்கள். பென்சிலில் இருப்பது கரி வகை, வெயில் அதை ஒன்றும் செய்யாது. கத்தரியில் எந்த ரகம், எப்போது விதைத்தது என்று தேதியோடு எழுதி வைத்தால் அடுத்த பட்டத்துக்கு உதவும்.

உடைந்த கொட்டாங்குச்சித் துண்டுகளைக் குவித்து வைத்திருப்பீர்கள் அல்லவா? ஒவ்வொன்றிலும் ஒரு துளையிட்டு, வெவ்வேறு நீளக் கம்பியில் கோத்து, ஒரு மூங்கில் குச்சியில் தொங்கவிடுங்கள். காற்றடித்தால் மரத்தில் மரம் மோதும் மெல்லிய சத்தம் வரும். உலோக மணிகளைவிட இது எனக்குப் பிடிக்கும், இரவில் யாருடைய தூக்கத்தையும் கெடுக்காது.

குழந்தைகள் கூட இருந்தால் அவர்களுக்குக் கூழாங்கல்லும் மிச்ச எமல்ஷனும் கொடுங்கள். பொன்வண்டு, ஆமை என்று அவர்கள் வரைந்து தொட்டிக்குள் வைக்கட்டும். பனை ஓலை கிடைத்தால் காற்றாடி செய்து கொடுக்கலாம். காய்ந்த ஓலையை ஒரு மணி நேரம் நனைத்தால் மடிக்க வளையும். மழைக்காலம் வரைதான் அது தாங்கும், அதற்கென்ன.

குருவிக்குத் தண்ணீர் வைக்க மண்தட்டு ஒன்று வைக்காத தோட்டம் இல்லை. இது ஒன்றுதான் நாம் வேண்டுமென்றே தண்ணீர் நிறுத்தும் இடம். ஏடிஸ் முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். அதனால் தினமும் தண்ணீரை மாற்றுங்கள், வாரம் ஒருமுறை தேங்காய் நாரால் தட்டின் உட்புறத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டைகள் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வெறுமனே கவிழ்த்துக் கொட்டினால் போகாது.

பழைய டயரை வெட்டி வண்ணம் அடித்துத் தொட்டியாக்குவதைப் பல இடங்களில் பார்க்கிறேன். நான் அதைச் சொல்லித்தரமாட்டேன். டயரின் உள்வளைவில் தேங்கும் தண்ணீரைக் குனிந்து பார்த்தாலும் தெரியாது, கையை விட்டாலும் முழுதாக வராது.

தொங்கவிட்ட பிறகு

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். கொட்டாங்குச்சி எம்மாத்திரம்? ஆனி கடைசியில் மாடிக்குப் போய் ஒவ்வொரு கம்பியையும் இழுத்துப் பாருங்கள். கைப்பிடிச் சுவருக்கு வெளியே எதுவும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. கீழே ஆள் நடக்கும் இடத்துக்கு மேல் எதையும் தொங்கவிடக் கூடாது.

புரட்டாசிக் கடைசியிலோ ஐப்பசியிலோ முதல் பெரிய மழை பெய்யும். அது விட்டதும் ஒரு டார்ச்சோடு மேலே போங்கள். தொங்கல், தொட்டி, நடைகல், செங்கல் துண்டுகளுக்கு நடுவில் உள்ள இடுக்கு, எல்லாவற்றையும் பாருங்கள். வேர் வளர்ந்து துளையை அடைத்திருக்கும், மண் இறங்கியிருக்கும். ஒரு குச்சியால் குத்திவிட்டு, சொட்டுச் சொட்டாக வடிகிறதா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.